புதன்கிழமைத் தனி வகுப்பு

“கண்ண மூடிக்கோங்க,” என்றாள் நடன டீச்சர். அவள் மூடிக்கொண்டாள். சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் பாட்டு எதுவும் ஓடவில்லை. கீழே துணி காய வைக்கும் இயந்திரம் சுற்றுவது மட்டும் தரை வழியாகப் பாதத்துக்கு வந்துகொண்டிருந்தது. முப்பது வயதுகூட ஆகாத டீச்சர், ஆண் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, இடது கையால் அவளுடைய வலது கையைப் பிடித்து, வலது கையை அவள் முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைத்திருந்தாள். அவளுடைய இடது கை டீச்சரின் மேற்கையில் படிந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணியபடி அவள் பின்பக்கமாகக் கால் வைத்தாள். டீச்சர் கூடவே வந்தாள். அறையை இரண்டு முறை சுற்றி வந்தபின் டீச்சர் நின்றுவிட்டாள்.

“நான் இப்ப எத்தன தடவ உங்கள நகத்தினேன், சொல்லுங்க.”

“எல்லாத் தடவையும்.”

“ஒரு தடவகூட இல்லம்மா. நான் சும்மாத்தான் நின்னேன். நீங்கதான் என்னக் கூட்டிட்டுப் போனீங்க.”

அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு வருடங்களாகச் சனிக்கிழமை தவறாமல் ஜோடி நடனம் ஆடுகிறவள் அவள். ஆண் நடத்துவான், பெண் பின்செல்வாள் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அவன் நெஞ்சும் கையும் சொல்லும் திசையில், சொன்னபின், அவள் போக வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் செய்துகொண்டிருப்பதாக அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

டீச்சர் தன் வெள்ளைச் சட்டையின் வலது கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்கு நான்கு விரல் மேலே துணி கசங்கியிருந்தது. கசங்கலின் நடுவே கடுகளவு ரோஸ் நிறக் கறை.

“இது உங்க கட்டைவிரல். கெளம்பணும்னா ஒரு அழுத்து. திரும்பணும்னா ரெண்டு அழுத்து. மூலை வந்தா தோளையும் கொஞ்சம் தொறந்து விடறீங்க. கண்ண மூடியிருக்கும்போது மூலை வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஆரம்பத்துலயே சுவர் வரைக்கும் எத்தன அடின்னு பாத்து வெச்சுக்கிட்டேன்.”

“அது நடத்தறவர் வேலையாச்சே.” டீச்சர் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. “சரி, இந்த ரோஸ் என்ன?”

“மெழுகு. டென்டல் லேப்ல வேலை. நகத்துக்குள்ள போயிட்டா எத்தன தேய்ச்சாலும் வராது.”

“உங்க பார்ட்னர் யாரு?”

“எங்க வீட்டுக்காரர்.”

“நல்லா ஆடுவாரா?”

“எங்க வகுப்புலயே அவர்தான் நல்லா ஆடறவர்னு எல்லாரும் சொல்றாங்க.”

டீச்சர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு குடித்து, மூடியை நிதானமாகத் திருகினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரியைத் திறந்தாள். சனிக்கிழமைக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வலது கையைப் பார்த்தாள். ஏழிலும் அதே இடத்தில் அந்தக் கறை. சிலவற்றில் மங்கி, சிலவற்றில் புதிதாக. தன்னுடைய லேப் கோட்டைச் சேர்த்துத் துவைத்ததால் வந்தது என்று நினைத்திருந்தாள். ஒருமுறை அவர், சோப்புத்தூள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டுவிட்டு வந்தார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் சட்டையை வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலைக் கறையின் மேல் வைத்துப் பார்த்தாள். அச்சுப் போலப் பொருந்தியது.

அவளுடைய கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு கார்கள், இருபத்தேழு வருட அனுபவம். அவருடைய கார்களில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். யாராவது புதிதாக அறிமுகமானால் பத்தாவது நிமிடத்தில் அந்த பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுவார். “ஸ்டியரிங் அவங்க கையில, உசுரு என் கால்ல,” என்பார். “அருமையா ஓட்டிட்டோம்னு நெனச்சுக்கிட்டு எறங்கிப் போவாங்க. பாதி பிரேக் நான் போட்டது. சொல்லமாட்டேன். சொன்னா தைரியம் போயிடும் பாருங்க.” இதை அவள் நூறு முறையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் அது நல்ல மனிதர் ஒருவருடைய பேச்சாகத்தான் காதில் விழுந்திருந்தது.

சனிக்கிழமை வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடக்கும். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். அவற்றின் மேல் பன்னிரண்டு ஜோடிகள். கால் மணிக்கு ஒருமுறை மாஸ்டர் “மாத்துங்க” என்பார், பெண்கள் ஒவ்வொருவரும் அடுத்த ஆணிடம் நகர்வார்கள். மாஸ்டர் நல்ல மாதிரி, ஆனால் இருபத்துநான்கு பேரைப் பார்க்க அவருக்கு இரண்டு கண்கள்தான். வகுப்பில் ஒரு ஆடிட்டர் உண்டு. தாளம் வராது, ஆனால் வாய் நிற்காது. “சனி பிடிச்சா ஏழரை வருஷம்னு சொல்வாங்க, இந்தச் சனி வாரம் ஒரு மணி நேரத்தோட விட்டுடறார், புண்ணியவான்,” என்று மாஸ்டரை வைத்துக்கொண்டே சொல்வார். அவளுடைய கணவருக்கு ‘கேப்டன்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அரங்கின் நடுவே முதுகு நிமிர, முகவாய் உயர, ஒரு மூலையிலும் தயங்காமல் திரும்பும் மனிதருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. மற்ற பெண்களோடு ஆடும்போது அவருக்கு அவ்வளவு சரியாக வராது. அதற்கு அவர், “என்ன இருந்தாலும் அவங்களுக்கு என் கை பழகல இல்ல,” என்று காரணம் சொல்வார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளும்தான்.

அந்த முதல் புதனுக்கு ஆறு வாரம் முந்தைய சனிக்கிழமை லேப்பில் காய்ச்சிய மெழுகு பட்டு அவளுடைய இடது கட்டைவிரல் கொப்பளித்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்றைக்கென்று மாஸ்டர் வருட நிகழ்ச்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக ஆடும் ஒரு ஜோடிக்குத் தனியாக ஆட இரண்டு நிமிடம். கேப்டன் ஜோடியை நடுவே அழைத்து, மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார். முதல் மூலையிலேயே கணவர் திரும்பாமல் போய் ஆடிட்டர் மனைவியின் மேல் மோதினார். இரண்டாம் முறை ஆரம்பிக்கவே இல்லை. பாட்டு ஓடியது, அவர் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கையை விட்டுவிட்டு, மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்:

“என் மேல தப்பில்ல மாஸ்டர். இவள இழுக்கறது ஃப்ரிட்ஜ இழுக்கற மாதிரி இருக்கு.”

அரங்கு சிரித்தது. அந்தச் சிரிப்பில் முதல் குரல் அவளுடையது. அதைத்தான் பின்னால் அவளால் மறக்க முடியவில்லை. அவர் சொன்னதைவிட, அவர் முகம் விழாமலிருக்கத் தான் முந்திக்கொண்டு சிரித்தது.

பெயர் ஒட்டிக்கொண்டது. “என்ன ஃப்ரிட்ஜு, இன்னிக்கு கூலிங் எப்படி?” என்று ஆடிட்டர் மனைவி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். இன்னொருத்தி கதவைத் திறப்பது போல அவள் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் பேசும்போது, “அம்மா, ஃப்ரிட்ஜாமே? அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார்,” என்றாள். நாத்தனார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டைவிரல் ஆறியதும் ஆட்டம் பழையபடி வந்துவிட, மாஸ்டர் அவர்களையே நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். அவர் மட்டும் சிரிக்காமல், வாரம் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு ஆடினால் போதாது, நிகழ்ச்சியில் ஆடுகிறவர்கள் கூடவே தனி வகுப்பும் எடுத்துக்கொண்டால் அவரவர் குறை அவரவருக்குத் தெரியும், புதன்கிழமைகளில் ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள் என்று இருவரையும் பார்த்துச் சொன்னார். கணவர் யோசிக்கவே இல்லை. “இவளுக்குப் போட்டுடலாம் மாஸ்டர். எனக்கெதுக்கு?” என்றார். வண்டியில் வரும்போது அவள் பக்கம் திரும்பி, “பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? போய் ஒழுங்கா ஃபாலோ பண்ணக் கத்துக்கிட்டு வா,” என்றார். பாசமாகத்தான் சொன்னார். முதல் புதன் அவரே பயிற்சிக் காரில் கொண்டுவந்து சலவைக் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

இரண்டாவது புதன் டீச்சர் இரண்டு வழிகள் சொன்னாள். “ஒண்ணு, அவர் வரணும். வந்து மொதல்லேர்ந்து கத்துக்கணும். தாளம் கேக்கறதுலேர்ந்து. இல்லன்னா நீங்க நிறுத்தணும். சொல்றதுக்கு முன்னாடி செய்யறத.”

“நான் நிறுத்திட்டா?”

“நின்ன எடத்துல நிப்பார்.”

அவள் குனிந்து காலுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கீழே இயந்திரம் ஒரு சுற்று முடிந்து மணி அடித்தது. யாரோ கதவைத் திறந்து துணியை வெளியே எடுக்கும் சத்தம். நிகழ்ச்சிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்களையெல்லாம் அழைக்கப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

“முழுசா நிறுத்தறதுக்கு எத்தன நாள் ஆகும்?” என்று கேட்டாள்.

அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. செய்வதைக் கற்பது எளிது, செய்யாமலிருப்பதை உடம்பு கற்க மறுத்தது. டீச்சர் வேண்டுமென்றே தாமதித்தால் அவள் கால் தானாகக் கிளம்பியது. டீச்சர் தப்பான பக்கம் திரும்பினால் அவள் தோள் சரியான பக்கத்தைக் காட்டியது. “ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் செய்யாதீங்க,” என்று டீச்சர் ஒவ்வொரு வாரமும் சொன்னாள். “தப்பா வந்தா தப்பாவே போங்க. அது உங்க தப்பு இல்ல.” இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் லேப்புக்கும் கொண்டுபோனாள். பதினாறு வருடங்களாக அவளுடைய மேசைக்குப் பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகள் வருகின்றன. அவசரத்தில் எடுத்த, ஓரம் இழுத்துப்போன அச்சுகள். அவள் யாரிடமும் சொல்லாமல் மெழுகில் அரை மில்லிமீட்டர் கூட்டி, கால் மில்லிமீட்டர் குறைத்து, பல்செட் வாயில் பொருந்தும்படி செய்துவிடுவாள். அந்த வாரம் அப்படி ஒன்று வந்தபோது, கத்தியை எடுத்தாள், பின் கீழே வைத்தாள். வைத்தபின் வெகுநேரம் அந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திருத்தித்தான் அனுப்பினாள். அந்த வாய் யாருடையதோ. அதன் மேல் அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை.

வீட்டில் அவ்வளவு இரக்கம் வரவில்லை. கணவருக்கு முகம் நினைவிருக்கும், ஆள் யாரென்று நினைவிருக்காது. கல்யாணமான புதிதில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து, வாசலில் யார் வந்தாலும் அவள் முந்திக்கொண்டு, “வாங்க வாங்க, கண்ணாடிக் கடை சாரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று அவர் காதில் விழும்படி வரவேற்பாள். உடனே அவர், “சார், கடை எப்படிப் போகுது?” என்று பிடித்துக்கொள்வார். எல்லோரையும் நினைவு வைத்திருக்கும் மனிதர் என்று அவருக்குப் பெயர். ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. சமையலறை ஜன்னல் வழியாக யாரென்று பார்த்தாள். அவரிடம் கார் கற்ற, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. அவள் வாசலுக்குப் போகவில்லை. தண்ணீர் பிடிக்கிற மாதிரி குழாயடியில் நின்றுகொண்டாள்.

கூடத்தில் “வாங்க சார், வாங்க சார்,” என்று கணவரின் குரல் கேட்டது. பிறகு “அப்புறம் சார்,” பிறகு “வெயில் பாருங்க சார்.” அவர் தடவித் தடவிப் போவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. இருட்டில் சுவிட்சு தேடுகிற கை மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்துநான்கு வருடத்தில் இப்படி ஒரு சுகத்தை அந்தச் சமையலறையில் நின்று அவள் அனுபவித்ததில்லை. அப்போது அவர் கேட்டார்: “வீட்டம்மா எப்படி இருக்காங்க சார்? கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

அந்த அம்மா போன வருடம் இறந்துபோனாள். அவளும் கணவரும் போயிருந்தார்கள். சடலத்துக்கு முன்னால் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கணவர்தான்.

அவள் டம்ளரோடு போனபோது தபால் அதிகாரி மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, “பரவால்லம்மா, அவருக்கு ஆயிரம் வேல,” என்றார். அவர் போனபின் கணவர் வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தார்.

“நீ ஏன் வாசலுக்கு வரல?”

“தண்ணி எடுத்துட்டிருந்தேன்.”

“அந்தம்மா செத்தது எனக்கு எப்படி மறந்துது?” என்று கேட்டார். அவளிடம் கேட்டது போலவும் இல்லை. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இந்த ஒன்றோடு விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறுநாள் காலை அவர் தங்கையிடம் தொலைபேசியில், “ஃப்ரிட்ஜு உள்ளயே நின்னுடுச்சு, வாசலுக்கு நகரவே இல்ல,” என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது. விட்டுவிட வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமைகளில் அவள் பழையபடியேதான் ஆடினாள். அதை டீச்சரிடம் சொல்லவில்லை. அவரோடு ஆடும்போது கட்டைவிரல் தன் வேலையை முன்னைவிட நன்றாகச் செய்தது. இப்போது தெரிந்து செய்ததால் நேர்த்தி கூடியிருந்தது. கேப்டன் மிதந்தார். கடினமான திருப்பங்கள்கூட அவருக்கு வந்தன. மாஸ்டர் நிகழ்ச்சிக்கான ஆட்டத்தில் இன்னும் இரண்டு சுற்றுகளைச் சேர்த்தார். “பாத்தீங்களா, தனி வகுப்பு வேல செய்யுது,” என்றார் கணவர். “ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் போட்டாச்சு.” அவளும் சிரித்தாள். இந்த முறை சிரிப்பு அளந்து வைத்ததாக இருந்தது.

“மாத்துங்க” என்றதும் அவள் ஆடிட்டரிடம் போவாள். அங்கேதான் உண்மையான பயிற்சி. கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் சொன்னதை மட்டும், சொன்னபின், சொன்ன அளவுக்குச் செய்தாள். அவர் தடுமாறினால் தடுமாறினாள். அவர் நின்றால் நின்றாள். எட்டாவது வாரம் ஆடிட்டர் ஆட்டத்தின் நடுவே நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, உங்களோட ஆடினா கணக்குல எங்கெல்லாம் தப்புப் போட்டிருக்கேன்னு செவப்பு மையில வட்டம் போட்டுக் காட்டற மாதிரி இருக்கு. எங்க வீட்டம்மா இப்படிக் காட்டிக்குடுக்கறதில்லயே.”

“அவங்க உங்களக் காப்பாத்தறாங்க,” என்றாள்.

ஆடிட்டர் தன் மனைவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று அதற்குமேல் அவர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

பத்தாவது புதன் டீச்சர் முழுப் பாட்டையும் போட்டு ஆடினாள். வேண்டுமென்றே தாமதித்தாள், சுவரை நோக்கி நடத்தினாள், பாதியில் நின்றாள். அவள் எல்லாவற்றிலும் நீரைப் போலப் போனாள், நின்றாள். பாட்டு முடிந்ததும் டீச்சர் தன் சட்டைக் கையைப் பார்த்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது.

“இவ்ளோ சுத்தமா ஃபாலோ பண்ற ஆளு என்கிட்ட இதுவரைக்கும் வந்ததில்ல,” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “அவர்கிட்ட சொல்லிட்டீங்கதானே?” என்று கேட்டாள்.

“என்னத்த?”

“நீங்க நிறுத்திட்டீங்கன்னு. அவருக்குத் தெரியணும்மா. திடீர்னு விட்டா மனுஷன் மொத்தமா உழுந்துருவார்.”

“சொல்லிடறேன்,” என்றாள். படியிறங்கும்போது சலவைக் கடையின் ஈர வெப்பம் முகத்தில் அடித்தது. பயிற்சிக் காரில் அவர் காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும், தன் காலுக்கு அருகே இருந்த அந்த அதிகப்படியான பிரேக்கைப் பார்த்தாள். இவ்வளவு வருடத்தில் அதை அவள் மிதித்ததே இல்லை.

நிகழ்ச்சி ஞாயிறு மாலை. அன்று காலை அவள் எழுந்து வந்தபோது அவர் கூடத்தில் வெறும் காலோடு தனியாக ஆடிக்கொண்டிருந்தார். அவர் கைகள், அங்கே இல்லாத ஒருத்தியைப் பிடித்திருந்தன. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று வந்து மூன்றில் தாமதித்து, அடுத்த ஒன்றுக்குள் அவசரமாக விழுந்து, மறுபடி ஆரம்பித்தார். மின்விசிறியின் ரெகுலேட்டருக்குக் கீழே வந்ததும் திரும்ப மறந்து, சுவரில் கை வைத்து நின்றார். முதுகுப் பக்கம் பனியன் நனைந்திருந்தது. ஐம்பத்தாறு வயது. சின்னப் பிள்ளை மாதிரி நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அவள் வாசல்படியிலேயே நின்றாள். வாய் வரை வந்துவிட்டது: என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க, ஒண்ணு சொல்லணும். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்த கணத்தில் முதுகு நிமிர்ந்தது, நாக்கு உள்ளே போனது.

“என்னப் பத்திக் கவலையில்ல,” என்றார். “நீ சொதப்பாம இருந்தா போதும். பொண்ணு வேற வர்றா.”

அவள் புதிதாக வாங்கி வைத்திருந்த எட்டாவது வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வலது கையை இரண்டு முறை தேய்த்தாள். அங்கே ஒரு சுருக்கம்கூட இல்லாமல் செய்தாள்.

அரங்கில் நாற்காலிகளை மூன்று பக்கமும் போட்டு நடுவே இடம் விட்டிருந்தார்கள். அவரிடம் கார் கற்றவர்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தபால் அதிகாரிகூட வந்திருந்தார். முன்வரிசையில் மகள், பக்கத்தில் நாத்தனார். அவர்கள் முறை வந்ததும் மாஸ்டர் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார். கணவர் அதை வாங்கிக்கொண்டு, கூட்டம் அடங்கக் காத்திருந்து சொன்னார்: “பத்து வாரம் தனி வகுப்பு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜு இன்னிக்கு ஓடப்போகுது, பாருங்க.” நாற்பது பேரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவர் கையை நீட்டினார். அவள் போய் நின்றாள். வலது கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இடது கையை அந்த மடிப்புக் கலையாத மேற்கையில் படியவிட்டாள், நான்கு விரல்கள் மட்டும். பாட்டு ஆரம்பித்தது. மெதுவான, மூன்று மூன்றாக எண்ணும் பாட்டு. முன்னிசை முடிந்து முதல் ஒன்று வந்தது, போனது. இரண்டாவது ஒன்றும் வந்து போனது. அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளங்கை ஈரமாவதை அவள் உணர்ந்தாள். அவர் காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

“போ,” என்றார், உதடு அசையாமல்.

அவள் போகவில்லை. கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒருவேளை இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதியோ என்று சிலர் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். பிறகு அவர் நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பினார், ஒன்றில் இல்லை, இரண்டில். அவள் இரண்டில் கிளம்பினாள். அவர் வைத்த அடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அவர் எவ்வளவு தடுமாறினாரோ அவ்வளவு தடுமாற்றம். ஒரு மயிரிழை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள், அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு வந்தார். மூலை வந்தது. அவள் எண்ணி வைத்திருக்கவில்லை, ஆனால் காற்றில் தெரிந்தது, நாற்காலிகளின் நெருக்கம், யாரோ கால்களை இழுத்துக்கொள்வது. திருப்ப வேண்டிய இடத்தில் அவர் திருப்பவில்லை. அவள் நேராக முன்வரிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலி தரையில் உராய்ந்து பின்வாங்கியது. நாத்தனாரின் குரல், “ஐயோ, பாத்து,” என்றது.

அவர் நின்றார். அவளும் நின்றாள். அவளுடைய குதிகாலுக்கும் மகளின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆடிட்டர் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் பாட்டை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். கணவரின் முகம் மிக அருகே இருந்தது. நரைத்த மீசையின் மேல் வியர்வை. அந்தக் கண்களில் அவள் இதுவரை கண்டிராத ஒன்று, அன்று சமையலறையிலிருந்து குரலாக மட்டும் கேட்ட அந்தத் தடுமாற்றம், இப்போது முழு உருவமாக நின்றது.

“என்ன பண்ற நீ?” என்றார் மூச்சுக்குள். “ஏதாவது பண்ணு.”

“இழுங்க,” என்றாள் அவள்.

அவளுக்கு மட்டும் கேட்கும் சின்னச் சத்தம் கீழே கேட்டது. அவருடைய வலது கால், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவின் முன்பகுதி, தரையில் ஓரிடத்தை அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது. அங்கே எதுவும் இல்லை, கூடைப்பந்துக்காக வரைந்த மஞ்சள் கோடு மட்டும். மூன்றாவது முறையும் அழுத்தினார். அவள் எடை முழுவதையும் ஒற்றைக் காலில் வைத்து, மறுகாலின் குதி தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்க, எந்தப் பக்கம் என்றாலும் போகத் தயாராக நின்றாள். ஒன்று வந்தது, இரண்டு, மூன்று. மறுபடியும் ஒன்று. அந்த வெள்ளைத் துணிக்கு ஒரு நூலிழை மேலே அவளுடைய கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது, நகத்துக்குள் ஒரு பிறை ரோஸ் மெழுகோடு.